நெருப்பு வருமுன்: சேர்வராயன் மலை ஊர்களுக்கு ஒரு காட்டுத்தீ வழிகாட்டி

மாசி மாதம் ராத்திரி எட்டு மணி வாக்கில் அஸ்தம்பட்டியில் நின்று வடக்கே பார்த்தால், சில நாட்களில் மலைமேல் சிவப்பாக ஒரு கோடு தெரியும். பஸ்ஸுக்கு நிற்பவர்கள் செல்போனில் படம் எடுப்பார்கள். "ஏற்காட்டுல சீரியல் லைட் போட்டிருக்காங்களாப்பா?" என்று ஒரு பையன் அவன் அப்பாவைக் கேட்டதை நானே கேட்டிருக்கிறேன். கீழேயிருந்து பார்க்க அந்தக் கோடு அசையாமல் நிற்பதுபோல இருக்கும். அதே நேரத்தில் மேலே ஏதோ ஓர் ஊர்க்காரர்கள் பச்சைத் தழையை ஒடித்துக்கொண்டு அதன் ஓரத்தில் ஓடிக்கொண்டிருப்பார்கள்.

நான் மலைமேல் கொஞ்சமாகக் காப்பி வைத்திருப்பவன். ஊர்த் தீத்தடுப்புக் குழுவில் பல வருஷமாக இருக்கிறேன். சேர்ந்த கதை பெருமைப்படும்படி இல்லை. ஒரு பிப்ரவரியில், கவாத்து வெட்டிய குச்சிகளைத் தோட்டத்து ஓரம் குவித்து, பகல் பதினொரு மணிக்குப் பற்றவைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். கை கழுவிவிட்டு வருவதற்குள் தீ வேலியைத் தாண்டிக் காப்புக்காட்டுப் புல்லில் ஏறியிருந்தது. ஊரே வந்து அணைத்தது. ஆகவே இந்த வழிகாட்டியை எழுதுகிறவன் ஒரு காலத்தில் தீ வைத்தவன் என்பதைத் தெரிந்துகொண்டே மேலே படியுங்கள்.

முதலில், உங்கள் ஊர்த் தீ எப்படிப்பட்டது என்று பாருங்கள்

சேர்வராயன் மலை முழுக்க ஒரே மாதிரிக் காடு இல்லை. அடிவாரத்தில் முள்ளும் புதரும். நடுச்சரிவில் மூங்கில் கலந்த இலையுதிர் காடு. அதற்கும் மேலே காப்பித் தோட்டமும் சில்வர் ஓக்கும், இடையிடையே சோலைத் துண்டுகள். உச்சியில் சேர்வராயன் கோயில் பக்கம் புல்வெளி. அடிக்கடி எரிவது அடிவாரமும் நடுச்சரிவும்தான். தை பிறந்ததும் இலை கொட்டத் தொடங்கும். மாசி பாதிக்குள் கணுக்கால் புதையும் அளவுக்குச் சருகு சேர்ந்துவிடும்.

இங்கே வருவது பெரும்பாலும் தரைத்தீ. டி.வி.யில் காட்டும் வெளிநாட்டுத் தீயைப்போல மரத்தின் உச்சியில் தாவி ஓடாது. சருகையும் புல்லையும் தின்றுகொண்டு முழங்கால் உயரத்தில் நகரும். பெரிய மரங்கள் பட்டை கருகித் தப்பிவிடும். மழை பெய்தால் எல்லாம் பச்சையாகிவிடும். அதனால்தான் "என்ன போச்சு, புல்லுதானே எரிஞ்சுது" என்கிறார்கள். அடுத்த முறை எரிந்த காட்டுக்குள் போனால் குனிந்து பாருங்கள். முழங்கால் உயரத்தில் ஒரு கன்று தென்படாது. வருஷா வருஷம் எரிகிற காடு, பிள்ளைகள் எல்லாம் திருப்பூருக்குப் போய்விட்ட ஊர் மாதிரி: கிழவர்கள் மட்டும் இருப்பார்கள்.

சருகு போன சரிவில் விழும் முதல் மழை சாம்பலையும் மேல்மண்ணையும் வழித்துக்கொண்டு ஓடையில் இறங்குகிறது. திருமணிமுத்தாறும் சரபங்காவும் பிறப்பது இந்த மலையில்தான். சேலத்துக்காரர்கள் படம் எடுப்பதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது என்று நான் சொல்வது இதற்காக.

இப்போது செய்ய வேண்டியது, ஒரு நடை. கார்த்திகை முடிவில், மழை விட்டதும், நான்கைந்து பேர் ஊர் எல்லையைச் சுற்றி நடக்க வேண்டும். யார் யார் என்பது முக்கியம். ஆடு மேய்க்கும் ஒருவர், விறகுக்குப் போகும் ஒரு பெண், பழைய தீயெல்லாம் நினைவில் வைத்திருக்கும் ஒரு பெரியவர், கைபேசியில் வரைபடம் பார்க்கத் தெரிந்த ஓர் இளவட்டம் இருந்தால் போதும். ஒரு பெரிய தாளில் குறியுங்கள்: போன வருஷங்களில் தீ எங்கே தொடங்கியது, எந்தப் பக்கம் ஏறியது, எங்கே தானாக நின்றது. தானாக நின்ற இடம்தான் பொக்கிஷம். அங்கே பாறையோ, வண்டித்தடமோ, ஈரப் பள்ளமோ இருக்கும். காடே போட்டுக் கொடுத்த தடுப்பு அது. தண்ணீர் கிடைக்கும் இடம், மின்கம்பி தாழ்ந்து போகும் இடம், கூரை வீடுகள், ஓடித் தப்பக்கூடிய வெட்டைப் பாறை ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

காரணங்களையும் அதே தாளின் பின்பக்கம் எழுதுங்கள். மாசி, பங்குனியில் நம் காட்டில் தீ தானாகப் பிறப்பது அபூர்வம். மனிதக் கைதான். புதுப்புல் முளைக்க வைப்பது, தேன் எடுக்கப் போனவர்கள் போட்ட புகைப்பந்தம், கடுக்காய் பொறுக்கச் சருகை எரிப்பது, தோட்டத்துக் குப்பை, கொண்டை ஊசி வளைவில் வீசிய பீடி, ஞாயிற்றுக்கிழமைக் கோழிக்கறி. பெயர் எழுத வேண்டாம். இடமும் மாதமும் நேரமும் போதும். எங்கள் தாளில் பாதிக்கு மேல் "பகல் 11 முதல் 3 வரை" என்று வந்தது. அந்தப் பட்டியலில் என்னுடையதும் ஒன்று.

பற்றவைக்கிறவரைக் குழுவில் சேருங்கள்

வழக்கமாக என்ன நடக்கும்? தீத்தடுப்புக் குழு என்றதும் படித்த இளைஞர்கள், வார்டு உறுப்பினர், தோட்ட முதலாளி ஒருவர் என்று ஒரு பட்டியல் தயாராகும். டி-ஷர்ட் அடிப்பார்கள். இவர்களில் ஒருவர்கூடக் காட்டில் தீக்குச்சி கிழிக்கிறவர் இல்லை. அதாவது தீ எப்போது, எங்கே, ஏன் பிறக்கிறது என்று இவர்களில் யாருக்குமே தெரியாது.

எங்கள் ஊரில் ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர்மேல் எல்லோருக்கும் சந்தேகம். முதல் கூட்டத்துக்கு அவரைக் கூப்பிடவே இல்லை. ஊர்க்கவுண்டர்தான் ஆள் அனுப்பி வரவழைத்தார். வந்து ஓரமாகக் குத்தவைத்தவரிடம், "ஏம்பா, காட்டுல நெருப்பு வெச்சா என்ன கெடைக்குது உனக்கு?" என்று நேராகவே கேட்டார். பெரியவர் கோபப்படவில்லை. "காஞ்ச புல்ல ஆடு வாயில வெக்காதுங்க. எரிஞ்சா இருவது நாள்ல துளுக்கும். சித்திரை வரைக்கும் வேற வழியென்ன, சொல்லுங்க, செஞ்சுக்கறேன்" என்றார்.

இந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்காத குழு எத்தனை விழிப்புணர்வுப் பேரணி போனாலும் பிரயோஜனம் இல்லை. நாங்கள் கண்ட பதில் பெரிய விஷயமில்லை. மார்கழியில் புல் முற்றிக் காய்வதற்கு முன்பே, பட்டா நிலங்களிலும் பாதையோரத்திலும் உள்ள புல்லை அறுத்துக் கட்டிக்கொள்ள ஆடு மாடு வைத்திருப்பவர்களுக்கு முதல் உரிமை. அறுக்க ஊர் ஆள் தரும். தோட்டக்காரர்கள் தங்கள் எல்லைக்குள் உள்ள புல்லைக் காசு வாங்காமல் விட்டுக்கொடுத்தார்கள். எரிய வேண்டிய புல் தீவனப் போராகக் குவிந்தது. வனத்துறை நிலத்தில் இதைச் செய்ய அனுமதி வேண்டும். அதைக் கீழே சொல்கிறேன்.

அந்தப் பெரியவர்தான் இப்போது எங்கள் முதல் காவல்காரர். அவரிடம் நான் கற்றுக்கொண்டது ஒரு சோதனை. தரையிலிருந்து ஒரு கைப்பிடிச் சருகு எடுப்பார். காதோரம் வைத்து மெதுவாக நெரிப்பார். துவண்டு மடங்கினால் "இன்னும் நாளிருக்கு" என்பார். அப்பளம்போல நொறுங்கிப் பொடியாகக் கொட்டினால், உள்ளங்கையைத் தட்டிவிட்டு, "இன்னிக்கு யாரும் அடுப்புக்கூட வெளியில மூட்டாதீங்க" என்பார். தீ அபாய எச்சரிக்கைக்கு எத்தனையோ கருவிகள் இருக்கின்றன. இதற்குச் செலவில்லை, தவறியதும் இல்லை.

இன்னொரு விதி: கைதவறித் தீ வைத்தவர் உடனே குழுவுக்குப் போன் செய்ய வேண்டும், தீ அணையும் வரை யாரும் அவரைத் திட்டக் கூடாது. பயந்து ஓடிப்போனவர் வீணாக்கும் அந்த முதல் அரை மணி நேரம்தான் அரை ஏக்கரை ஐம்பது ஏக்கர் ஆக்குகிறது. வேண்டுமென்றே வைக்கிறவர் கதை வேறு. காப்புக்காட்டில் தீ வைப்பது 1882-ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். அதை மூடி மறைக்கும் வேலையைக் குழு செய்யக் கூடாது.

குழுவுக்கு ஒரு சட்ட உருவம் கொடுங்கள்

காட்டுக்குள் போய் நாமாகக் கோடு வெட்ட முடியாது. நல்ல எண்ணத்தில் வெட்டினாலும் காப்புக்காட்டில் மரம் செடி வெட்டியதாகவே கணக்காகும். எனவே காகித வேலையைத் தவிர்க்க வழியில்லை.

உங்கள் ஊரில் ஏற்கெனவே கிராம வனக்குழு இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். மக்களும் வனத்துறையும் சேர்ந்து காட்டைப் பார்த்துக்கொள்ளும் முறைக்கு மத்திய அரசு 1990-இல் வழி திறந்தது. தமிழ்நாட்டில் 1997 முதல் ஜப்பான் நிதியுதவியோடு நடந்த காடு வளர்ப்புத் திட்டத்தில் ஊருக்கு ஊர் கிராம வனக்குழுக்கள் அமைக்கப்பட்டன. பல இடங்களில் அவை பெயர்ப்பலகையாக மட்டும் நிற்கின்றன. வங்கிக் கணக்கு, தீர்மானப் புத்தகம் எங்கே என்று வனவரிடம் கேளுங்கள். செத்த குழுவை எழுப்புவது புதுக்குழு தொடங்குவதைவிடச் சுலபம்.

மலையாளிப் பழங்குடி ஊர்களுக்கு இதைவிட வலுவான பிடிமானம் ஒன்று உண்டு. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், தாங்கள் வழிவழியாகக் காத்துவரும் சமூகக் காட்டு வளத்தைப் பாதுகாக்கவும் நிர்வகிக்கவும் ஊருக்கே உரிமை தருகிறது. கிராம சபை அதற்கென ஒரு குழுவை அமைக்கலாம். நான் பார்த்த அளவில் தனிப்பட்டாவுக்கு மனுப்போட்டவர்கள்தான் அதிகம். சமூக உரிமைக்குப் போட்டவர்கள் குறைவு. தீத்தடுப்பைப் பற்றிப் பேச உட்காரும்போது அந்த மனுவையும் சேர்த்துப் பேசிவிடுங்கள். தன் பெயரில் இருக்கும் காட்டை எரியவிட யாருக்கும் மனசு வராது.

கிராம சபை நாட்கள் தெரிந்தவைதான். நவம்பர் 1 அல்லது ஜனவரி 26 கூட்டத்தில் தீத்தடுப்பைத் தனிப்பொருளாக வைத்துத் தீர்மானம் போடுங்கள். என்னைக் கேட்டால் நவம்பர் 1. ஜனவரி 26-க்குள் சருகு கொட்ட ஆரம்பித்துவிடும். தீர்மான நகலோடு வனச்சரகருக்கு ஒரு கடிதம். உங்கள் ஊர் சேர்வராயன் தெற்குச் சரகமா, வடக்கா, டேனிஷ்பேட்டையா, வேறா என்று முன்பே தெரிந்துகொள்ளுங்கள். எல்லையோர ஊர்களில் இந்தக் குழப்பத்திலேயே ஒரு மாதம் போகும். கடிதத்தில் மூன்றே விஷயம்: எந்தப் பாதையில் எத்தனை மீட்டர் கோடு சுத்தம் செய்ய விரும்புகிறோம், எந்த இடத்தில் புல் அறுக்க அனுமதி வேண்டும், பருவகாலத் தீத்தடுப்புக் காவலர் வேலைக்கு ஊர் ஆட்களை எடுக்க முடியுமா. நகலில் சீலும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள். நாங்கள் ஒரு வருஷம் வாய்வார்த்தையை நம்பி வந்துவிட்டோம். அதிகாரி மாறிப்போனார், வேலை அடுத்த வருஷத்துக்குப் போனது.

கோடு வெட்டுவது எப்படி

தீத்தடுப்புக் கோடு என்பது தீக்குச் சாப்பாடு இல்லாத ஒரு பட்டை. சருகுக் காட்டில் 3 மீட்டர் அகலம் ஓரளவு தாங்கும். ஆளுயரப் புல் நிற்கும் இடத்தில் 6 மீட்டரும் போதாமல் போகலாம். கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு வாக்குக் கொடுங்கள்: 6 மீட்டர் அகலத்தில் 1 கிலோமீட்டர் என்றால் கிட்டத்தட்ட ஒன்றரை ஏக்கர். அத்தனை இடத்தையும் கையால் சுத்தம் செய்ய வேண்டும். ஆகவே ஏற்கெனவே உள்ள வண்டித்தடம், ஒற்றையடிப் பாதை, பாறை, ஓடை இவற்றை இணைத்துக்கொண்டு போங்கள். புதிதாக வெட்டுவது இடைவெளிகளை மட்டும்.

இடம் தேர்வதில்தான் பலர் தவறுகிறார்கள். மலை முகட்டில் போட்ட கோடு நன்றாகத் தாங்கும். ஏறிவரும் தீ முகட்டைத் தொடும்போது வேகம் குறையும். சரிவின் நடுவில் குறுக்கே போட்டால், எரிகிற கட்டை மேலிருந்து உருண்டு கோட்டைத் தாண்டிக் கீழே விழுந்துவிடும். வேறு வழியில்லாமல் நடுச்சரிவில் போடுவதானால் கீழ்ப்பக்க ஓரத்தில் ஒரு முழ ஆழத்துக்குச் சிறு கால்வாய் பறியுங்கள். உருண்டு வருவது அதில் தங்கும்.

கருவிகள் எல்லாம் வீட்டில் இருப்பவைதான்: கொடுவாள், மண்வெட்டி, களைக்கொத்து, பல் வைத்த வாரி. புதரை வெட்டுகிறவர்கள் முன்னால், வாருகிறவர்கள் பின்னால். வாரிய சருகைக் கோட்டோரம் குவியலாக விடாதீர்கள். நாங்கள் முதல் வருஷம் அழகாக வரப்புப்போல ஒதுக்கி வைத்தோம். வந்து பார்த்த வனக்காப்பாளர் சிரித்துவிட்டு, "கோட்டுக்கு ரெண்டு பக்கமும் திரி போட்டு வெச்சிருக்கீங்களே" என்றார். பரவலாகக் காட்டுக்குள் வீசிவிட வேண்டும். காப்பித் தோட்டம் பக்கத்தில் இருந்தால் அள்ளிப்போய்ச் செடிக்கு மூடாக்காகப் போடலாம், ஆனால் எல்லை வேலியிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி.

வேலை நாளை முடிவு செய்யும்போது காப்பி அறுவடையைப் பாருங்கள். டிசம்பர், ஜனவரியில் ஆள் கிடைக்காது. ஜனவரி கடைசியில் பழம் பறிப்பு ஓய்ந்து, மிளகு தொடங்குவதற்கு முன் ஒரு சின்ன இடைவெளி வரும். அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஞாயிறு தவிர்க்கவும், சுற்றுலா வேலைக்குப் போகிறவர்கள் வரமாட்டார்கள். கூலி கொடுக்க முடியாவிட்டால் நல்ல சாப்பாடாவது போடுங்கள்.

ஒன்றை எல்லோரும் மறக்கிறார்கள். கோடு ஒரு தடவை வெட்டினால் முடிந்துவிடாது. மரம் இன்னும் உதிர்த்துக்கொண்டே இருக்கும். பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை திரும்ப வாரவில்லை என்றால் பங்குனியில் அங்கே கோடு இருந்த அடையாளமே இருக்காது. எந்தத் துண்டை எந்த வீடு வாருவது என்று பிரித்துக் கொடுங்கள். கோட்டை எரித்துச் சுத்தம் செய்வது, முன்கூட்டியே கட்டுப்படுத்தி எரிப்பது ஆகியவை வனத்துறையின் மேற்பார்வையில் மட்டும் நடக்க வேண்டியவை.

உண்ணிச்செடி

பார்க்கப் பூவும் காயுமாக இருக்கும் உண்ணி (லாண்டானா என்ற அயல் புதர்), தரைத்தீக்கு ஏணி. பச்சையாகவே எரியும், மரத்தின் கிளைவரை தீயை ஏற்றிவிடும். எரிந்த பின் முதலில் துளிர்ப்பதும் அதுவே. கத்தியால் சீவிவிட்டால் இரண்டு மடங்காக வரும். மழை ஈரம் இருக்கும்போதே தரைக்குக் கீழே நாலு விரல் ஆழத்தில் ஆணிவேரைக் களைக்கொத்தால் வெட்டி, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட வேண்டும். அடுத்த மழைக்கு முளைக்கும் நாற்றுகளைப் பிடுங்க மறுபடியும் போக வேண்டும். 2022-இல் தமிழக அரசு அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டது; கடிதத்தில் அதைக் குறிப்பிட்டால் காது கொடுத்துக் கேட்பார்கள். மாதேஸ்வரன் மலையில் உண்ணிக்குச்சியில் நாற்காலி, கூடை செய்கிறார்கள். இங்கே மகளிர் குழுக்கள் முயன்று பார்க்கலாம் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

சொந்த நிலத்தில் எரிக்க வேண்டியிருந்தால்

எரிக்காமல் இருப்பது நல்லது. குச்சியை மட்கவைக்கலாம், அடுப்புக்கு எடுக்கலாம். எரித்தே ஆக வேண்டும் என்றால் எங்கள் ஊர் வழக்கத்தைச் சொல்கிறேன். ஜனவரி பொங்கலுக்கு முன்பே முடித்துவிட வேண்டும். விடியற்காலை பனி ஈரத்தோடு தொடங்கி எட்டு மணிக்குள் அணைக்க வேண்டும். எல்லை வேலியிலிருந்து குறைந்தது 30 அடி உள்ளே. ஆளுயரக் குவியல் கூடாது, இடுப்பளவு போதும். சுற்றிலும் மண் தெரியும்வரை சுரண்டி, பக்கத்தில் மருந்தடிக்கும் டேங்க்கில் தண்ணீர் நிரப்பி, இரண்டு பேர் நிற்க வேண்டும். அதில் ஒருவர் சாப்பிடப் போகக் கூடாது. கடைசி வரி என் பெயரால் சேர்ந்தது.

காவலும் எச்சரிக்கையும்

பிப்ரவரி முதல் மே வரை தினமும் நண்பகலிலும் மாலை ஐந்து மணிக்கும் உயரமான இடத்தில் ஒருவர் நின்று சுற்றிப் பார்த்தால் பாதி வேலை முடிந்தது. இதற்குத் தனி ஆள் வேண்டாம். சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் சாலையில் கொண்டை ஊசி வளைவுகள் 20, வழியெங்கும் டீக்கடையும் சோளக்கடையும். கடைக்காரர்களும் பஸ் கண்டக்டர்களும் நாள் முழுக்கச் சரிவைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். அவர்கள் கையில் வனவரின் எண்ணையும் குழுவின் எண்ணையும் அட்டையில் எழுதிக் கொடுங்கள். குப்பனூர் சாலைப் பக்கத்தையும் விட்டுவிட வேண்டாம். அங்கே கூட்டம் குறைவு, கண்ணும் குறைவு.

இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் வழியாகத் தீ இடங்களைக் கண்டு குறுஞ்செய்தி அனுப்புகிறது. யாரும் இலவசமாகப் பதியலாம், நம் பகுதியைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். குழுவில் இரண்டு மூன்று பேர் பதிந்துவிடுங்கள். ஆனால் அதை நம்பிக் கண்ணை மூடக் கூடாது. ஒரு வகைக் கருவி 375 மீட்டர் சதுரத்தை ஒரு புள்ளியாகப் பார்க்கிறது. அது ஏறக்குறைய 35 ஏக்கர். இன்னொன்றுக்கு ஒரு புள்ளி 1 சதுர கிலோமீட்டர், அதாவது 247 ஏக்கர். செயற்கைக்கோள் தலைக்கு மேல் கடப்பது பகல் ஒன்றரை மணி, இரவு ஒன்றரை மணி என்று சில வேளைகளில் மட்டும். மூன்று மணிக்குக் கிளம்பிய தீயை டீக்கடைக்காரர் அப்போதே பார்த்துவிடுவார்.

சனி ஞாயிறும், மே மாதக் கோடை விழாவும், சேர்வராயன் கோயில் திருவிழாவும் தனிக் கவனம் கேட்பவை. பார்க்கிங் இடத்தில் ஒரு டின்னில் மணல் வைத்து "பீடி சிகரெட் இதில்" என்று எழுதினால் பயன் உண்டு. "புகைபிடிக்காதீர்" பலகை எதற்கும் ஆகவில்லை.

தீ வந்துவிட்டால்

இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில், காய்ந்த புல்சரிவில் மலையேற்றக் குழுவினர் தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முழங்கால் உயரத் தரைத்தீ என்று நான் மேலே எழுதியதைப் படித்து அலட்சியப்படக் கூடாது. புல், சரிவு, காற்று மூன்றும் சேர்ந்தால் மனிதன் ஓடுவதைவிட வேகமாக ஏறும். சரிவு 10 பாகை (டிகிரி) கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும்.

முதல் போன் வனத்துறைக்கு, அடுத்து 101 அல்லது 112. மாவட்டப் பேரிடர் அறைக்கு 1077. பிறகு குழு.

காட்டுக்குள் போகிறவர்கள் ஐந்தாறு பேராகச் சேர்ந்து போக வேண்டும், ஒருவர் பேச்சை எல்லோரும் கேட்க வேண்டும். பருத்திச் சட்டை, முழுக் கால்சட்டை, ஷூ. வேட்டியும் லுங்கியும் கூடாது. நைலான், பாலியஸ்டர் உருகித் தோலோடு ஒட்டும். ரப்பர் செருப்பும் அப்படித்தான். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், முகத்துக்கு நனைத்த பருத்தித் துண்டு. குடித்தவரை எவ்வளவு நெருங்கின சொந்தமானாலும் திருப்பி அனுப்புங்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே யாரும் வேண்டாம். ஒருவர் தீ அணைக்காமல் மேட்டில் நின்று காற்றையும் தீயையும் பார்த்துச் சத்தம் கொடுக்க வேண்டும். வேலை செய்யாமல் நிற்கிறாரே என்று தோன்றும். ஆனால் இருப்பதிலேயே முக்கியமான வேலை அதுதான்.

நுழைவது தீயின் வாலில், அதாவது ஏற்கெனவே எரிந்து கருகிய பக்கத்தில். அங்கிருந்து விலாவோடு மெதுவாக முன்னேறி இரண்டு பக்கமும் நெருக்க வேண்டும். தலைப்பக்கம், முக்கியமாகத் தீக்கு மேலே சரிவில், ஒருபோதும் நிற்காதீர்கள். ஒடுக்கமான பள்ளத்தில் இறங்காதீர்கள். அது புகைபோக்கி மாதிரி இழுக்கும். பச்சைத் தழையை ஓங்கி அடித்தால் பொறி பறந்து பின்னால் விழும். தழையைத் தீமேல் அழுத்தி, கருகிய பக்கமாக இழுக்க வேண்டும். அழுத்து, இழு, அவ்வளவுதான். மருந்தடிக்கும் டேங்க்கை முன்பே நன்றாகக் கழுவிவைத்திருங்கள்; 16 லிட்டர் தண்ணீர் முதுகில் ஏறினால் சரிவில் நிலைதடுமாறும், இளவட்டங்களுக்கு மட்டும் கொடுங்கள்.

பகல் பன்னிரண்டிலிருந்து நாலு வரை தீயோடு நேருக்கு நேர் மோத வேண்டாம். பின்வாங்கி, வெட்டிவைத்த கோட்டில் நின்று தாண்டிவரும் பொறியை அணையுங்கள். மாலைக்குப் பிறகு காற்று இறங்கும், ஈரம் ஏறும், தீ படுக்கும். அதிகாலை நாலிலிருந்து எட்டு சிறந்த நேரம். இருட்டில் காட்டெருமை, கரடி, கால் வழுக்கும் பாறை எல்லாம் உண்டு என்பதையும் கணக்கில் வையுங்கள்.

காற்று திரும்பி மாட்டிக்கொண்டால் மேல்நோக்கி ஓடாதீர்கள். கருகிய நிலத்துக்குள் போய்விடுவதே தப்புவதற்கான முதல் வழி. இல்லாவிட்டால் பக்கவாட்டில், குறித்துவைத்த வெட்டைப் பாறைக்கு. எதிர்த்தீ வைத்துத் தடுக்கலாம் என்று யாராவது சினிமாத்தனமாக யோசனை சொல்வார். வனத்துறை ஆட்கள் இல்லாமல் அதைத் தொடவே கூடாது. தீக்காயம் பட்டால் இருபது நிமிடம் சுத்தமான தண்ணீர் ஊற்றி 108-ஐக் கூப்பிடுங்கள். இங்க், பேஸ்ட், மாவு எதையும் தடவ வேண்டாம்.

அணைந்த பிறகு

சுடர் இல்லை என்றால் அணைந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. மூங்கில் தூரிலும் விழுந்த மரத்தின் அடியிலும் கங்கு இரண்டு நாள் உயிரோடு இருக்கும். கருகிய எல்லையிலிருந்து உள்ளே முப்பது அடி வரை ஒவ்வொரு கட்டையையும் தொடாமல், புறங்கையை அருகே வைத்துப் பாருங்கள். சூடு தெரிந்தால் கிளறி, மண்போட்டு, தண்ணீர் ஊற்றி மறுபடியும் கிளற வேண்டும். குறைந்தது 48 மணி நேரம் இரண்டு பேர் சுற்றிவர வேண்டும். அணைத்த தீ மறுநாள் மதியம் எழுந்து ஓடியதை நான் பார்த்திருக்கிறேன். அப்போது எல்லோரும் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தோம்.

பூ மழை (காப்பியைப் பூக்கவைக்கும் கோடை மழை) வருவதற்குள் எரிந்த சரிவின் ஓடைகளில் கையால் தூக்கும் கற்களை அடுக்கிச் சிறு தடுப்புகள் போட வனத்துறையிடம் கேளுங்கள். ஓராண்டுக்காவது அங்கே ஆடு மாடு இறக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். துளிர்க்கிற கன்றை மேய்ந்துவிட்டால் தீ தின்றதைவிட மோசம். விதைப்பந்து வீசலாமா என்று நகரத்திலிருந்து வேனில் வருகிறவர்களுக்குப் பணிவாகச் சொல்லுங்கள்: இப்போது வாரியோடு வாருங்கள், பந்தை மழைக்காலத்தில் பேசிக்கொள்ளலாம்.

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். தேதி, நேரம், யார் முதலில் பார்த்தது, எத்தனை பேர் வந்தார்கள், எங்கே நின்றது, என்ன தவறியது. அடுத்த கார்த்திகை நடைக்கு அதை எடுத்துப் போக வேண்டும். எங்கள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலில் இப்படி இருக்கிறது:

"மாலை 5.40. பெரும்பாறைக்கு மேற்கே புகை. ஆட்டுக்காரர் பார்த்தது. ஒன்பது பேர். 7.30க்கு நின்றது. கோடு தாங்கியது, ஓடைப்பக்கம் மட்டும் சருகு வாராமல் விட்டிருந்தோம், அங்கே தாண்டப் பார்த்தது. மூங்கில் தூர் ஒன்று இன்னும் சுடுது. காலைல ஆறு மணிக்குப் போய்ப் பார்க்கணும்."